மூச்சு வாங்கிய இடமெல்லாம் ஒரு படம்

"ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. உடம்பு தேறத் தேறக் கொஞ்சம் கொஞ்சமா நடங்க" என்றார் டாக்டர். எனக்கு வந்திருந்தது காசநோய்.

மாத்திரை விழுங்குவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஓசூர்த் தெருவில் நாலடி வைத்து நின்றால், "என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பயந்தே வீட்டுக்குள் முடங்கினேன்.

ஒரு நாள் பீரோவில் கிடந்த பழைய டிஜிட்டல் காமிராவை என் மகன் கையில் கொடுத்து, "இதை எடுத்துக்கிட்டுப் போயேம்மா, பொழுது போகும்" என்றான்.

முதலில் போனது சந்திரசூடேசுவரர் மலைக்கு. மேலே வரை வண்டி போகும். நான் படியில் ஏறுகிறேன் என்றேன். பத்துப் படிக்கு ஒரு தரம் மூச்சு இரைத்தது. உடனே காமிராவைத் தூக்குவேன். பூக்காரம்மாவின் கூடையில் எங்கள் ஊர் ரோஜா, ஒரு பாறை, கீழே விரிந்து கிடக்கும் ஊர், தூரத்தில் சிப்காட் தொழிற்சாலைக் கூரைகள்! பார்க்கிறவர்களுக்கு நான் படம் எடுக்கிறேன். எனக்கல்லவா தெரியும், மூச்சு வாங்குகிறேன் என்று! அன்று பாதி மலையோடு திரும்பினோம்.

ராத்திரி எல்லோரும் படங்களைப் பார்த்தோம். "ஏம்மா, ஒரே பாறையை நாலு தடவை எடுத்திருக்கே?" என்று மகள் சிரித்தாள். என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், அங்கதான் ரொம்ப முடியாமப் போச்சு போல" என்றார். என் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் தொரப்பள்ளி போனோம். 1878-இல் ராஜாஜி பிறந்த எளிய வீடு, இப்போது நினைவு இல்லம். நம் நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் பிறந்தது இந்தச் சின்னக் கிராமத்திலா என்று குழந்தைகளுக்கு வியப்பு!

ஐந்தாம் மாதம் கிருஷ்ணகிரி அணை. அது ஆனி மாதம். வழியெல்லாம் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. தென்பெண்ணையின் குறுக்கே, காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் கட்டி முடித்த அணை. 52 அடி நீர் தேக்கலாம். பூங்காவில் வெகுநேரம் சுற்றினோம்.

அணை என்றால் மீன் வறுவல் இல்லாமலா? நோய் வந்த நாள் முதல் நானாகவே தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருந்தேன். அன்றும் என் இலையோடு சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். மாமியார் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இலையிலிருந்தே ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "டாக்டர்தான் பாத்திரத்தால ஒட்டாதுன்னாரே. இன்னும் என்ன தனி இலை?" என்றார்.

உண்மைதான். இது இருமல் வழியாகக் காற்றில் பரவும் நோய். தட்டு, டம்ளரால் பரவாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பெரும்பாலோருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு காலத்தில் நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகும், வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. நான் குழந்தைகளைப் பிரியாமல் இருந்தது அந்தப் புண்ணியத்தால்தான்.

அன்று இரவு காமிராவைப் பார்த்த மகள், "என்னம்மா, இன்னிக்குப் படமே கம்மி?" என்றாள். நான் யோசித்தேன். அட, நிற்கவே இல்லையே! பேசிக்கொண்டே நடந்திருக்கிறேன்!

இருந்த சில படங்களில் ஒன்று மகள் எடுத்தது. இளைத்துப்போன முகத்தைக் காட்டப் பிடிக்காமல் அதுவரை நான் எதிலும் நிற்கவில்லை. அதில் மாமியார் தோளில் சாய்ந்து சிரிக்கிறேன். ஆறு மாதமும் முடிந்து, டாக்டர் குணமாகிவிட்டது என்று சொன்ன அன்று அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம்.

சகோதரிகளே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்தான உணவுக்காகத் தரும் உதவித்தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். உடம்பு சற்றுத் தேறியதும் ஒரு காமிராவோ செல்போனோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மூச்சு வாங்கினால் நின்று ஒரு படம் எடுங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை!