வெட்டாத கோடரியும் கொசஸ்தலை ஆற்றுக் கல்லும்

கோடரி என்றால் வெட்ட வேண்டும் இல்லையா? சீனாவில் ஐயாயிரம் வருடங்களுக்கு முன்பே வெட்டாத கோடரிகளைச் செய்திருக்கிறார்கள், ஜேடு என்கிற பச்சைக்கல்லில். மணலும் தண்ணீரும் போட்டுப் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தக் கல்லை வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த மெல்லிய அலகை யாராவது சண்டைக்கு எடுத்துப் போவார்களா? ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். வைத்திருப்பவர் பெரிய ஆள் என்று காட்டத்தான் அது. செத்தால் கூடவே புதைப்பார்கள்.

பிறகு வந்தார்கள் சேகரிப்பாளர்கள். சியன்லுங் பேரரசர் தன்னிடம் இருந்த பழைய ஜேடுகள் மேல் சொந்தக் கவிதைகளைப் பொறிக்க வைத்தார் (கோயில் சுவரில் பெயர் கிறுக்குகிற நம்ம ஆட்கள் தேவலை!). அமெரிக்க வக்கீல் கிரென்வில் வின்த்ராப் வாங்கிக் குவித்தவை 1943இல் ஹார்வர்டுக்குப் போயின. அழகான பொருள்கள்தான். ஆனால் கடைக்காரர் கைமாறி வந்த கத்தியிடம் "நீ யார் கல்லறையில் இருந்தாய்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

1976இல் அன்யாங்கில் ஃபூ ஹாவ் என்ற அரசியின் கல்லறை கிடைத்தது. திருடர் கை படாதது. உள்ளே 755 ஜேடுப் பொருள்கள். அவற்றில் சில அவள் காலத்துக்கே ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழையவை. அதாவது அந்த அம்மாவே பழம்பொருள் வைத்திருந்தவர்! எடுத்த இடம் தெரிந்ததால்தான் இந்த விஷயம் தெரிந்தது.

இதற்கும் பொன்னேரிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மீஞ்சூர் பக்கமாகப் போய் எண்ணூரில் கடலைத் தொடுகிறதே கொசஸ்தலை ஆறு, அதன் கரையோரமாகவே மேற்கே போனால் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம். நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழியில் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே வருடம் செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இங்கே வந்தார். குவார்ட்சைட் கல்லைத் தட்டித் தட்டிச் செய்த கைக்கோடரிகள் கிடைத்தன. இவை நிஜமாகவே வெட்டியவை. பளபளப்பும் கிடையாது, பந்தாவும் கிடையாது.

ஃபூட் நிலவியல் துறை ஆள். கல்லைப் பொறுக்கியதோடு, எந்த ஊர், எந்த மண் அடுக்கு என்றும் எழுதி வைத்தார். அவருடைய பெரிய சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. பட்டியல் அச்சானதோ அவர் 1912இல் இறந்த பிறகு. வின்த்ராப்புக்கு இருந்த ரசனை இவருக்கு இருந்ததா தெரியாது, ஆனால் இவருடைய நோட்டுப்புத்தகம் அவரிடம் இல்லை. அத்திரம்பாக்கம் என்ற பெயர் அப்போதே பதிவானதால்தான் 1999இல் சாந்தி பப்பு குழுவினர் அங்கேயே திரும்பத் தோண்ட முடிந்தது. அந்தக் கைக்கோடரிகளுக்குப் பதினைந்து லட்சம் வருட வயது என்று 2011இல் வெளியிட்டார்கள்.

நம்மிடமும் வெட்டாத கோடரி உண்டு. சேர்வராயன் மலைக் கிராமங்களில், தேய்த்து வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அது ஒருகாலத்தில் மரம் வெட்டிய கல் என்று கும்பிட்டவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஃபூட்டின் கடைசிக் கால வீடும் அந்த மலையில்தான், ஏற்காட்டில்.

கைக்கோடரிகளைப் பார்க்க எழும்பூர் வரை போக வேண்டாம். பூண்டியிலேயே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அத்திரம்பாக்கம் போகிறவர்கள் மட்டும் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அதுவும் ஊர் பேர் தெரியாத கல்தான்.