செம்பனையும் நீல ஒளியும்

பெம்பான் தோட்டத்தில் வளர்ந்த எனக்குச் செம்பனை என்றால் குலையும் வியர்வையும்தான். பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படித்தபோதுதான் அதன் எண்ணெயைப் புதிதாகப் பார்த்தேன்.

2017-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், குளோரெல்லா என்னும் நுண்பாசியில் ஒளியால் இயங்கும் நொதி ஒன்றைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். இருளில் அது வேலை செய்யாது. நீல ஒளி பட்டதும் அதிலுள்ள ஃபிளேவின், கொழுப்பு அமிலத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கிறது. கரியமில வாயு பிரிந்து ஹைட்ரோகார்பன் எஞ்சுகிறது. செம்பனை எண்ணெயில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலத்தைப் பிரித்துக் கொடுத்தால், 16 கார்பன் கொண்ட அது 15 கார்பன் எரிபொருளாகிறது. கடும் வெப்பமும் உயர் அழுத்தமும் வேண்டியதில்லை. பசுமை வேதியியல் தேடுவது இதைத்தான்.

ஆயினும் அதே ஒளி நொதியை மெல்லச் செயலிழக்கவும் செய்கிறது. இக்குறையைத் தீர்க்கும் ஆய்வுக்கூடங்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். தம்பி தங்கையரே, வேதியியலைக் கண்டு ஒதுங்காதீர்கள்!