ஆத்தாவின் நாற்பத்து மூன்று படங்கள்

எங்கள் கொத்தமங்கலம் வீட்டு முகப்பில் ஒன்பது படங்கள் மாட்டியிருக்கின்றன. எட்டில் ஆண்கள். கோட்டு, அங்கவஸ்திரம், கையில் தடி, பின்னால் ஸ்டுடியோத் திரை. பினாங்கில் எடுத்துக் கப்பலில் ஊருக்கு வந்தவையும் அவற்றில் உண்டு. ஒன்பதாவதில் மட்டும் என் அப்பத்தா, ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். அவளுக்கு வேறு படம் இல்லை.

ஐயா வட்டிக்கடை வேலையாக மூன்று வருடக் கணக்குக்குப் பினாங்கு போனவர். அவர் ஏறியது ரஜூலா. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அவர் அங்கே இருந்த காலமெல்லாம் அப்பத்தா இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டாள். சாமான் அறையில் எந்த அண்டாவில் யாருடைய விலாசம் வெட்டியிருக்கிறது, எந்தத் தாம்பாளம் எந்த மகளின் சீருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். குடும்பத்தின் பொருளையெல்லாம் காத்தவளுக்கு அந்தக் குடும்பம் வைத்திருப்பது ஒரே ஒரு படம்.

அதே கடலில் சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் சுற்றுலாக் கப்பலில் போனோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்புகிற நான்கு இரவுப் பயணம். நான், கணவர், பிள்ளைகள், தம்பி, அவன் மனைவி, 72 வயது ஆத்தா. கேமரா என்னுடையது. அதனால் படங்களைப் பத்திரப்படுத்துவதும் என் பொறுப்பென்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

என் கேமராவில் ஒரு படத்தை ரா, ஜேபெக் என இரண்டு வடிவிலும் பதிந்தால் ஏறத்தாழ 35 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் தொள்ளாயிரம் படங்கள் கொள்ளும். படம் மட்டும் எடுத்தால் அது தாராளம். ஆனால் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்துச் சறுக்கில் வீடியோ வேண்டும். நல்ல தரத்தில் எடுக்கும் வீடியோ ஒரு நிமிடத்துக்கு முக்கால் ஜிபி வரை தின்னும். பத்து நிமிடச் சறுக்கலில் கார்டின் கால் பங்கு போய்விடும். கரையிலென்றால் இணையத்தில் ஏற்றிவிடலாம். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழி வரும் வைஃபைக்கு நாள் கணக்கில் காசு. வாட்ஸப் செய்திக்குப் போதுமான வேகம், ஆயிரம் படங்களுக்குப் போதாது.

ஆகவே தினமும் இரவு எல்லோரும் மேல்தளத்தில் பாட்டு நிகழ்ச்சிக்குப் போனபின் நான் அறையில் உட்கார்ந்து கார்டை மடிக்கணினியில் போட்டு, அங்கிருந்து சின்ன டிஸ்க்குக்கு இன்னொரு நகல் எடுப்பேன். இரண்டு நகலையும் திறந்து பார்க்காமல் கார்டை அழிப்பதில்லை. டிஸ்க் என் கைப்பைக்குள், மடிக்கணினி அறைப் பெட்டகத்துக்குள். எல்லாம் ஒரே பையில் இருந்தால் பை போகும்போது எல்லாமே போய்விடும். இருந்த ஒரே பிளக்கில் கேமரா பேட்டரியா, மடிக்கணினியா, பிள்ளைகளின் போனா என்று நான்தான் முறை வைப்பேன். விடுமுறையில் ஒரு மணி நேரம் இப்படி மறைவாகக் கழிவதை யாரும் வேலையென்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் இரவு மடிக்கணினியில் இடம் தீர்ந்தது. எதையாவது அழித்தாக வேண்டும். தம்பி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "ஆத்தா படம் ஒரே மாதிரி நாப்பது கெடக்கு ஆச்சி. நல்லதா ரெண்டு வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிருங்க" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளைகளின் வீடியோவைத் தொடச் சொல்லி அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. அப்பச்சி போய் ஒன்பது வருடத்தில், வீட்டில் நடந்த நான்கு கல்யாண ஆல்பங்களில் ஆத்தா இருக்கும் படங்களைச் சேர்த்தாலும் பத்து தேறாது. மணமேடையில் படம் எடுக்கும் நேரம் வந்தால் அவளே இரண்டாங்கட்டுக்குப் போய்விடுவாள். யாரும் போகச் சொல்வதில்லை. வா என்றும் யாரும் சொல்வதில்லை. கப்பலில் மேடையும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. ஒதுங்கி நிற்க இரண்டாங்கட்டும் இல்லை. காற்றில் தலை கலைய நிற்கிறாள், ஐஸ்கிரீம் தின்கிறாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருக்கிறாள். பினாங்கில் துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பினாங்குத் தெரு. அங்கே நடுத்தெருவில் நின்று, "ஐயா இங்கனதான் இருந்தாக. என்னைய இங்க ஒண்ணு எடு" என்று அவளாகக் கேட்டு எடுத்துக்கொண்டதும் அதில் இருந்தது.

எதை வைப்பது என்று தம்பியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். படத்தில் இருப்பவளைக் கேட்கலாமே என்று தோன்றியது. மடிக்கணினியை ஆத்தாவின் மடியில் வைத்து, எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பார்த்தாள். பதினொன்றை அழித்தாள். எல்லாம் தம்பி 'நல்லது' என்று வைத்திருக்கக்கூடியவை: முந்தானையைப் போர்த்திக்கொண்டு, கைகட்டி, நேராக நின்றவை. "இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள். தலை கலைந்தது, ஐஸ்கிரீம் தின்றது எல்லாம் இருந்தன. சறுக்கு வீடியோக்களில் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். பிள்ளைகள் அரை மணி நேரம் கோபித்துக்கொண்டார்கள்.

எது அழிய வேண்டும் என்று முடிவு செய்பவர்தான் குடும்ப வரலாற்றை எழுதுகிறார். அதைக் காப்பதற்கு இடமும் காசும் வேண்டும். அமெரிக்காவில் பிள்ளை பார்க்கும் வேலை செய்த விவியன் மையர் ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தவர். நெகட்டிவ்களையும் கழுவாத சுருள்களையும் வாடகைக் கிடங்கில் அடைத்து வைத்திருந்தார். வாடகை கட்ட முடியாமல் 2007இல் அவை ஏலம் போயின. இரண்டு வருடத்தில் அவர் இறந்தார். புகழ் அதற்குப் பிறகு வந்தது. வைக்க இடமில்லாத பெண்ணின் படம் யார் கைக்குப் போகும் என்பது அவள் வசம் இல்லை.

நமக்குக் கிடங்கு வாடகை வேறு வடிவில் வருகிறது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1இலிருந்து கணக்கில்லாத இலவச இடத்தை நிறுத்தியது. 15 ஜிபிக்கு மேல் காசு. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அந்தக் காசைக் கட்டுவது கணவர், கடவுச்சொல் தெரிந்தது மகன். படம் எடுத்தவளும் படத்தில் இருப்பவளும் கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும். மணமுறிவிலோ சாவிலோ அந்தக் கணக்கு மூடினால் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சாது. வங்கிக் கணக்கு நம் பெயரில் இருக்க வேண்டும் என்று பேசுகிற நாம் இதையும் பேச வேண்டும்.

ஊர் திரும்பியதும் மூன்று நகல் எடுத்தேன். ஒன்று என் பெயரில் நான் காசு கட்டும் இணையக் கணக்கில், ஒன்று என் டிஸ்க்கில், ஒன்று ஆத்தாவுக்கென்று பென் டிரைவில். மின்சாரமே படாமல் வருடக்கணக்கில் கிடந்தால் பென் டிரைவில் பதிவு மங்கக்கூடும். அதனால் வருடம் ஒருமுறை சொருகிப் பார்த்து, படங்கள் திறக்கின்றனவா என்று சோதிக்கிறேன். முப்பத்திரண்டு படங்களையும் காகிதத்தில் போட்டும் கொடுத்தேன். காகிதத்துக்குக் கடவுச்சொல் கிடையாது.

பென் டிரைவை ஒரு டப்பாவில் போட்டு, பாத்திரத்தில் வெட்டுவதுபோல மேலே விலாசம் எழுதப்போனேன். யாருடைய விலாசம் என்று கேட்டதற்கு, "எம் பேரை மட்டும் எழுதுடி" என்றாள் ஆத்தா.