ஓய்வுபெற்ற யானை

தமிழில் குறுக்கெழுத்துப் புதிர் கட்டுகிறவருக்கு நிகண்டைப் போல உதவுகிற புத்தகம் வேறில்லை. அகராதியும் வேண்டும்தான். ஆனால் என் கை முதலில் போவது நிகண்டுக்கு.

யானையையே எடுத்துக்கொள்வோம். வேழம், களிறு, கரி, கயம், தந்தி, அத்தி, தும்பி, வாரணம், ஆம்பல், கைம்மா என்று நிகண்டுக்காரர்கள் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ‘யானை (3)’ என்று குறிப்பு எழுதிவிடலாம். அடைப்புக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. பத்திரிகைப் புதிர்கள் பல அப்படித்தான் வருகின்றன. அது சொல்லறிவைச் சோதிக்கும்; யாரையும் சிரிக்க வைக்காது.

அதே பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். இதில் பெரும்பாலான பெயர்கள் யானைக்கு மட்டும் சொந்தமில்லை. கரி அடுப்பில் எரிகிறது. கயத்தில் நீர் நிற்கிறது. ஆம்பல் குளத்தில் பூக்கிறது. வேழத்தைக் கரும்பு என்று ஆலையில் பிழியலாம். அப்போது குறிப்பு தானாக வந்து விழும்: ‘பறக்கும் யானை (3)’ என்றால் தும்பி. ‘எப்போதோ பூக்கும் யானை (3)’ என்றால் அத்தி. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘2013-இல் ஓய்வுபெற்ற யானை (3)’. படிக்கிறவர் மனத்தில் ஒரு கோயில் யானை வந்து நிற்கும். எந்த ஊர்க் கோயில், இப்போது எந்த முகாமில் இருக்கிறது என்று நினைவைத் துழாவுவார். இந்தியாவில் தந்திச் சேவை நின்றுபோனது 2013 ஜூலையில். முதல் கட்டத்தில் ‘த’ விழுந்ததும் அவர் முகத்தில் வருகிற அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

இதற்கான வழியை நிகண்டின் அமைப்பே காட்டிக் கொடுக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய திவாகரத்தில் பன்னிரண்டு தொகுதிகள். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாகப் போய், பத்தாவது வரை ஒரு பொருளுக்குப் பல பெயர் சொல்லும். பதினோராவதில் எல்லாம் தலைகீழ்: ஒரு சொல்லைச் சொல்லி அதன் பல பொருள்களை அடுக்கும். புதிர் எழுதுகிறவர் விலங்கின் பெயர்த் தொகுதி வழியாக உள்ளே போய், பதினோராம் தொகுதி வழியாக வெளியே வருகிறார். அவ்வளவுதான் வித்தை. பீட்டர் ரோஜட் 1852-இல் வெளியிட்ட ஆங்கிலச் சொற்களஞ்சியமும் கருத்துவாரியாக அடுக்கப்பட்டதே. ஆனால் அதில் ஒரு சொல்லின் பல பொருளுக்கென்று தனித் தொகுதி கிடையாது; பின்னட்டவணைதான் உண்டு. வீரமாமுனிவரோ 1732-லேயே சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து, எதுகை தேடுகிறவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டார்.

குறிப்பு என்பது ஒற்றை வரிச் சிலேடைதானே என்று கேட்பவர்கள் உண்டு. முழுக்க அப்படியில்லை. காளமேகம் வைக்கோலையும் யானையையும் ஒரே வெண்பாவில் நிறுத்தினால், இரண்டும் வெளிச்சத்தில் நிற்கும். அடிக்கு அடி இரண்டுக்கும் பொருந்துவதைக் கண்டு மகிழ்வோம். குறிப்பில் ஒன்று தெரிய வேண்டும், மற்றது ஒளிந்திருக்க வேண்டும். ஒளிந்திருப்பது பொய்யாகவும் இருக்கக் கூடாது. விடை தெரிந்த பிறகு திரும்பிப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் நேர்மையாக நிற்க வேண்டும்.

கட்டம் போடுவது தனிப் பாடு. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. வல்லின மெய் சொல்லின் இறுதியிலும் வராது. ‘தந்தி’யை இடமிருந்து வலமாக வைத்தால், நடுக்கட்டத்து ‘ந்’ எந்தச் செங்குத்துச் சொல்லையும் தொடங்கி வைக்க முடியாது; பந்தல், சந்தை போல நடுவில் ‘ந்’ உள்ள சொல் ஒன்று மேலிருந்து இறங்கி வர வேண்டும். ‘அத்தி’யின் ‘த்’துக்கும் இதே கதி. இருபத்தாறு எழுத்துக்காரர்கள் கட்டத்தை நெருக்கமாக நிரப்புவதையும் நாம் கறுப்புக் கட்டங்களைத் தாராளமாக வைப்பதையும் ஒப்பிட்டுக் குறை சொல்பவர்கள், இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளோடு ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

புதிர் எழுதப் பழக வருகிறவர்களிடம் முதலில் ஒரு பழமொழியைக் கொடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதச் சொல்வேன். ‘யானை படுத்தாலும் குதிரை மட்டம்’ என்பதை ஒருவர் ‘வேழம் சயனித்தாலும் புரவி அளவு’ என்று எழுதினார். அறையே சிரித்தது. படுப்பது எல்லாரும் செய்வது. சயனிப்பது ஸ்ரீரங்கத்துப் பெருமாள். நம் யானை பாம்பணைமேல் ஏறிவிட்டது! ஒரே பொருள் என்று நிகண்டு சேர்த்துவைத்த சொற்கள் ஒரே இடத்தில் புழங்குவதில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும். அப்புறம் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். உவா என்றாலும் யானைதான், பௌர்ணமியும்தான். ‘வானில் நிறையும் யானை (2)’ என்று எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் இன்று பேச்சில் இல்லை. விடையைப் பார்த்த பிறகும் அகராதியைப் புரட்டினால்தான் விளங்கும் என்றால், அங்கே சிரிப்பு செத்துப்போகும். ஒரு பொருளாவது வீட்டிலோ தெருவிலோ புழங்க வேண்டும். மற்றது ஏட்டிலிருந்து வரட்டும். ஏட்டுப் பொருளை அறியாதவர்கூட, குறுக்கே வரும் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு விடைக்கு வந்துசேர்ந்து, ஆம்பல் யானைக்கும் பெயரா என்று வியக்கலாம். பழைய சொற்களை மக்களிடம் கொண்டுசேர்க்க இதைவிட இனிய வழியை நான் அறியேன்.

அடுத்த புதிருக்காக ஒரு குறிப்பை எழுதி வைத்திருக்கிறேன்: ‘பாற்கடலை நக்கப் போன வழிபாடு (2)’. கம்பராமாயண அவையடக்கம் படித்தவர்களுக்கு நொடியில் பிடிபடும். படிக்காதவர்களுக்கும் வழி உண்டு. கோயிலில் அது நாள்தோறும் நடக்கிறது. வம்பு செய்து மாட்டிக்கொண்டவனுக்குத் தெருவில் ‘செமத்தியாகக் கொடுத்தார்கள்’ என்று சொல்வதும் அதைத்தான்.