அந்த ஒரு மணி நேரம்

மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் எட்டாயிரம். நாம் யூகேஜியில் தலையாட்டிக்கொண்டே பாடிய ஆட்டுக்குட்டிப் பாட்டில் வரும் மேரி தங்கள் ஊர்க்காரிதான் என்று அவர்களுக்குப் பெருமை. ஊர் நடுவே ஆட்டுக்குட்டிக்குச் சிலைகூட உண்டு. ஆனால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஸ்டெர்லிங் என்றதும் ஞாபகம் வருவது பேட்டரி. 2016 டிசம்பரில் அந்த ஊரின் மின்துறை 2 மெகாவாட், 3.9 மெகாவாட்-மணி பேட்டரி ஒன்றை நிறுவியது. முதல் ஆண்டில் மிச்சமானது சுமார் 4 லட்சம் டாலர் என்று கணக்குச் சொன்னார்கள்.

அதில் ஒரு பங்கு டிரான்ஸ்மிஷன் கட்டணத்தில் மிச்சமானது. சொன்னால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும் சமாச்சாரம், எனக்கோ தூக்கத்தைக் கெடுப்பது.

மசாசூசெட்ஸில் இப்படிச் சொந்தமாக மின்துறை நடத்தும் ஊர்கள் சுமார் 40. தெருக்கம்பமும் மீட்டரும் ஊருக்குச் சொந்தம். மின்சாரத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் உயரழுத்தக் கம்பிகள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளுடையவை. நியூ இங்கிலாந்தின் ஆறு மாநிலங்களிலும் உள்ள பொதுக் கம்பிகளின் மொத்தச் செலவை ஒன்றாகக் கூட்டி, எல்லார் தலையிலும் பங்கு போடுகிறார்கள். மின்நிலையம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலா, தூரத்திலா என்று பார்ப்பதில்லை. தபால்தலை மாதிரி எல்லோருக்கும் ஒரே விலை.

சரி, யார் எவ்வளவு? அங்கேதான் விஷயம். மாதம் முழுக்க எத்தனை யூனிட் ஓடியது என்பது கணக்கிலேயே இல்லை. உங்கள் வட்டார மின்வலையில் அந்த மாதம் தேவை உச்சத்தைத் தொட்ட ஒரே ஒரு மணி நேரம். அப்போது உங்கள் ஊர் எத்தனை கிலோவாட் இழுத்தது? அதுதான் உங்கள் பங்கு. சமீப ஆண்டுகளில் விலை கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 140 டாலரைத் தாண்டிவிட்டது. மாதத்துக்குக் குறைந்தது கிட்டத்தட்ட 12 டாலர். அந்த ஒரு மணி நேரத்தில் 2 மெகாவாட்டைப் பேட்டரியிலிருந்து கொடுத்துவிட்டால், மாத பில்லில் 23,000 டாலருக்கு மேல் குறையும்.

சிக்கல் என்னவென்றால், அது எந்த மணி நேரம் என்று மாதம் முடிந்த பிறகுதான் உறுதியாகும். அதை முன்கூட்டியே ஊகிக்கும் நிரலை எழுதுவதுதான் என் வேலை. ஜூலை 6ஆம் தேதி வெயில் கொளுத்துகிறது. இதுதான் உச்சமா, இல்லை 20ஆம் தேதி இன்னும் மோசமாக இருக்குமா? முழு வேகத்தில் விட்டால் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஐந்திலிருந்து ஏழா, ஆறிலிருந்து எட்டா? கூரை சோலார் பெருகியதால் கோடை உச்சம் சாயங்காலத்துக்கு நகர்ந்துவிட்டது. வானிலை அறிக்கை மேகம் என்று சொல்லி வெயில் அடித்தால் கணக்கே மாறிவிடும். அதனால் சந்தேகம் வரும் சாயங்காலங்களில் எல்லாம் பேட்டரியை இறக்கிவிடுவோம். பத்தில் ஒன்று பலித்தால் போதும்.

எங்க ஊர்ல திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணம் ஆன ஆண் ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. கணக்கெடுக்க வரும் அன்றைக்கு மட்டும் ஒருத்தன் வெளியூர் போய்விட்டு, திருவிழாவுக்குச் சரியாக வந்து பந்தியில் உட்கார்ந்தால் பெரியப்பா சும்மா விடுவாரா? நான் செய்வது, மாதாமாதம் ஒரு ஊரையே அப்படி வெளியூர் அனுப்புகிற வேலை.

ஏனென்றால் கம்பிக்குச் செலவான பணம் செலவானதுதான். ஸ்டெர்லிங் கொடுக்காத பங்கு காற்றில் கரைவதில்லை. அடுத்த முறை விலையை நிர்ணயிக்கும்போது மற்றவர்கள் தலையில் ஏறும். ஒரு ஊரின் 2 மெகாவாட் கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் பேட்டரி வைத்திருப்பது இப்போது ஒரு ஊர் மட்டுமில்லை.

என் டீம் லீடிடம் இதைச் சொன்னேன். “உச்சம் குறைஞ்சா நாளைக்குப் புதுக் கம்பி போட வேண்டாமே, எல்லாருக்கும்தானே லாபம்?” என்றார். பாதி சரி. ஆனால் நியூ இங்கிலாந்தில் இப்போது பெருமளவு பணம் போவது பழசாகிப்போன கம்பங்களையும் கம்பிகளையும் மாற்றுவதற்கு. மரங்கொத்தி துளைத்த கம்பத்துக்கு உச்சத் தேவை குறைந்தால் என்ன, கூடினால் என்ன? அந்தச் செலவை என் நிரல் ஒரு டாலர்கூடக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அதற்காக ஸ்டெர்லிங் மேல் எனக்குக் கோபமில்லை. விதியை எழுதியது அவர்கள் இல்லை. தவிர, கரண்ட் போனால் அதே பேட்டரிதான் அவர்களுடைய போலீஸ் நிலையத்தை ஓட்டும்.

ஊருக்குள்ளே வசூலிப்பது இன்னொரு கூத்து. செலவு உருவாவது ஒரு மணி நேரத்தில். பல ஊர்களில் அதை வீடுகளிடம் திரும்ப வாங்குவதோ மாதம் முழுக்க, யூனிட் கணக்கில். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏசியைப் போட்டுக் காரையும் சார்ஜில் மாட்டுகிறவருக்கும், பின்னிரவில் துணி துவைக்கிற பாட்டிக்கும் யூனிட்டுக்கு ஒரே விலை. உச்ச மணிக்குத் தனிவிலை வைக்கலாம்தான். ஆனால் மின்துறை போர்டில் இருப்பவர்கள் ஊராரால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். பில் ஏறினால் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்பார்கள்.

போன வருடம் எங்கள் வாடிக்கையாளர் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து அதே நிரலைக் கேட்டார்கள். கொடுத்தோம். இப்போது இரண்டு ஊர்ப் பேட்டரிகளும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. மூன்றாவது ஊரிலிருந்து போன வாரம் மெயில் வந்திருக்கிறது.