ஸ்நான அறைத் திரை

பந்தலூரில் ஆனி பிறந்துவிட்டால் துணி உலராது, தீக்குச்சி பற்றாது. தென்மேற்குப் பருவக்காற்று கேரள எல்லையைத் தாண்டி எங்கள் மலைகளில்தான் நேராக வந்து மோதுகிறது. இப்பேர்ப்பட்ட ஊரில் ஸ்நான அறைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை வாங்கி மாட்டிய என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது?

ஒரே மாதத்தில் திரையின் அடி ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சக்காளான்! சோப்புப் பசையும் ஈரமும் அதற்கு ராஜ போஜனம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பூசினேன். அது போதாதென்று வினிகரையும் ஊற்றினேன். அவ்வளவுதான்! கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. என் மனைவி ஓடிவந்து கையைப் பிடித்து வெளியே இழுத்திராவிட்டால், இதை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ!

அவ்விரண்டும் கலந்தால் பிறப்பது குளோரின் வாயு. 1915-ல், முதல் உலக யுத்தத்தின்போது, பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் சிப்பாய்களைக் கொன்ற அதே விஷம்!

மறுநாள் என் மனைவி திரையைக் கழற்றி, வெதுவெதுப்பான ஜலத்தில் ஆப்பசோடாவும் சோப்பும் கலந்து ஊறவைத்து, துணியால் தேய்த்து அலசினாள். பிறகு ஓர் உத்தரவும் பிறந்தது: "குளித்து முடித்ததும் திரையைச் சுருக்கித் தள்ளாதீர்கள், அகல விரித்துவிட்டு, சாரல் விழாத பக்கத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். மடிப்பில் ஈரம் தங்குவதால்தானே காளான் பிடிக்கிறது?"

நியாயந்தான். பந்தலூர் மழையை நிறுத்த யாரால் முடியும்? ஆனால் திரையை விரித்துவிட ஐந்து விநாடி போதுமே!