குதிரைக்கு முகமன் கூறிய அம்மையார்

நம் சிறுவயதில் ஊர் ரயிலடியில் ஜட்கா வண்டிகள் நிற்கும். அவற்றுள் ஒன்றில் பூட்டிய வெள்ளைக் குதிரை, மழை பெய்தால் நகர மறுத்துவிடும். வண்டிக்காரர் சாட்டையை ஓங்குமுன்பே அது கண்களை இறுக மூடிக்கொள்ளும். அடியைவிட அந்த மூடிய கண்களே நம்மை வருத்தின.

பின்னர்க் குருமடத்தில் பயின்ற நாட்களில், நூலகத்தின் கடைசி அலமாரியில் அட்டை கிழிந்த ஆங்கில நூலொன்று கிடைத்தது. பார்பரா உட்ஹவுஸ் என்னும் அம்மையார், விலங்குகளோடு பேசுவதைப் பற்றி 1954-இல் வெளியிட்ட நூல் அது. இறையியல் நூல்களுக்கிடையே அது எவ்வாறு வந்து புகுந்ததோ, அறியோம். இரண்டே இரவுகளில் படித்து முடித்தோம்.

அம்மையார் 1910-இல் அயர்லாந்தில், டப்ளின் நகருக்கு அருகே பிறந்தவர். ஆங்கிலிக்கன் குருவாகிய தந்தையார் அங்கே ஓர் உறைவிடப் பள்ளியின் தலைவர். அவர் 1919-இல் இறந்தபின் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. குழந்தைப் பருவந்தொட்டே மனிதரைவிட விலங்குகளின் தோழமையை விரும்பிய இப்பெண், பிற்காலத்தில் வேளாண்மைக் கல்லூரியில் ஆண்களுக்கிடையே தனியொரு மாணவியாகப் பயின்றார். ஆக்ஸ்போர்டு அருகே குதிரையேற்றப் பள்ளியும் நடத்தினார்.

1930-களில் அவர் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார். அங்குள்ள பெரும் பண்ணைகளில் காட்டுத்தனமாய்த் திரிந்த குதிரைகளைக் கயிறு வீசிப் பிடித்து, கட்டிப்போட்டு, களைத்து விழுமட்டும் அடித்தே பழக்குவது வழக்கம். அதைக் கண்டு அம்மையார் மனம் நொந்தார். அந்நிலையில் குவாரனி இனத்து முதியவர் ஒருவர் அவருக்கு வேறொரு வழியைச் சொன்னாராம். குதிரைகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது மூக்கோடு மூக்கு வைத்து மூச்சு விடும். அதுவே அவற்றின் வணக்கம். நீயும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்று, மூக்கினால் மெல்ல மூச்சு விடு; குதிரை தானே வந்து உன் முகத்தில் மூச்சு விடும் என்றாராம். அவ்வாறே செய்து, பிறர் அஞ்சிய குதிரைகளையும் பழக்கியதாக அம்மையார் எழுதுகிறார். மூச்சில் மந்திரம் ஏதும் இருப்பதாக நாம் நம்பவில்லை. கைகளைப் பின்னால் கட்டி நின்றதே பாதி மருந்து என்பது நம் எண்ணம். சாட்டை பிடித்த கையை மட்டுமே கண்ட மிருகத்துக்குக் கையே காணாதிருப்பது எத்தகைய ஆறுதல்!

தாயகம் திரும்பிய அவர் மருத்துவர் ஒருவரை மணந்து, நாய்களின் பக்கம் திரும்பினார். ஜூனோ என்னும் அவருடைய பெரிய டேன் இன நாய் திரைப்படங்களில் நடித்தது. 1980-இல், எழுபதை நெருங்கிய வயதில், பி.பி.சி. தொலைக்காட்சியில் நாய்ப் பயிற்சி நடத்தி நாடெங்கும் புகழ்பெற்றார். உலாவ வரும்படி நாயை அழைத்து அவர் நீட்டி முழக்கும் ‘வாக்கீஸ்’ என்னும் சொல்லைக் குழந்தைகளும் திருப்பிச் சொல்லினர். கெட்ட நாய் என்று ஒன்றில்லை என்பது அவர் கட்சி. நிகழ்ச்சியில் நாய்களைவிட அவற்றை வளர்த்தவர்களே அதிகம் திட்டு வாங்கினர்! 1988-இல் அவர் மறைந்தார்.

இத்தனையும் படித்திருந்த நாம் செய்ததைக் கேளுங்கள்.

நான்காண்டுகளுக்கு முன் பங்கு இல்லத்தில் ராஜா என்றொரு நாட்டு நாய் இருந்தது. பகலிலும் இரவிலும் சங்கிலியில் கட்டியே வைத்திருந்தோம். ஒருநாள் சங்கிலி அறுந்து, தபால்காரத் தம்பியைக் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனைக்கு ஊசி போட நான்கு முறை நாமே அவரை அழைத்துச் சென்றோம். “ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டால் சனியன் ஒழியும் சாமி” என்றார் கோவில்பிள்ளை. நாம் வாய்திறந்து சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாயைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோனார்கள். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருநாளுக்கு முந்திய வாரம் அது. திருநாளன்று, குபியோ ஊரில் அவர் ஓநாயைச் சாந்தப்படுத்திய வரலாற்றை உருக்கமாகப் பிரசங்கித்தோம். கோவில்பிள்ளை கடைசிவரை தலைகுனிந்தே நின்றார்.

பதினோராம் நாள் ராஜா திரும்பிற்று. காலில் புண், விலா எலும்புகளை எண்ணலாம். சமையல்காரர் கொடுத்த சோற்றைத் தின்றது. நம்மைக் கண்டதும் சுவரோரம் ஒட்டிக்கொண்டது.

அன்றிரவே பழைய நூலை நினைவுக்குக் கொண்டுவந்தோம். அம்மையாரின் எல்லா முறைகளும் நமக்கு உகந்தவையல்ல. கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டி வெடுக்கென்று இழுப்பது அவர் வழக்கம். நல்லது செய்தால் தின்பண்டமும் பாராட்டும் தந்து பழக்கும் இன்றைய பயிற்சியாளர் பலர் அதை ஏற்பதில்லை. ஆகவே சங்கிலியை விலக்கினோம். மாலைதோறும் முற்றத்தில், ராஜாவுக்குப் பக்கவாட்டில், கைகளைப் பின்னால் கட்டி நின்றோம். காலடியில் ஒரு கருவாட்டுத் துண்டு. முதல் வாரம் அது வரவில்லை. ஜெபம் சொல்லும் குருவென்று எண்ணிச் சிலர் மதிலுக்கு வெளியே மௌனமாய்க் கடந்துபோயினர். ஒன்பதாம் மாலை, கருவாட்டை விட்டுவிட்டு, நம் விரல்களை முகர்ந்தது.

இப்போது அழைத்தால் வரும், சொன்னால் உட்காரும், காலையில் நம்மோடு கண்மாய்க்கரை வரை நடக்கும். தபால்காரத் தம்பி மட்டும் இன்னும் வாயிலுக்கு வெளியிலேயே நின்று மணி அடிக்கிறார். அவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ராஜாவை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, கடிதங்களை நாமே போய் வாங்கிக்கொள்கிறோம்.